என் வாயில் இல்லாத உச்சரிப்பு

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களாகப் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஒரு வழக்கைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அதற்கு முன் நான் எந்த நிலையில் இருந்தவன் என்பதைத் தெரிவித்துவிட வேண்டும். தெரிவிக்காவிட்டால், என்மீது சுமத்தப்பட்ட பழி எவ்வளவு பொருத்தமற்றது என்பது உங்களுக்கு விளங்காது.

நான் கெலமங்கலத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் தெலுங்கு, வீதியில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். சேலம் சென்று கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றேன். அந்நாளில் எங்கள் பக்கத்துப் பட்டதாரிகளை விரல்விட்டு எண்ணலாம். ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில் இருந்த ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தேன். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். சொன்னால் சிலருடைய பேரப்பிள்ளைகள் வருந்துவார்கள். யாருடைய சிபாரிசும் இன்றி அந்தப் பதவிக்கு வந்தேன். என் மொழிபெயர்ப்பு பிழையானது என்று மேல்முறையீட்டில் ஒருமுறையேனும் குறிப்பிடப்பட்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மை என்பதால் சொல்கிறேன்.

எங்கள் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். தெலுங்கிலும் கன்னடத்திலும் சாட்சி சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்ல வேண்டும். அவர் அதை எழுதிக்கொள்வார். ஊரார் என்னைத் துபாசி என்றே அழைத்தார்கள்.

எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவரைப் பற்றி ஒரே ஒரு செய்தி. எங்கள் பக்கத்துக் கிராமத்தார் அப்போது பேருந்தை 'மோட்டார்' என்பார்கள். கந்தலுடுத்திய ஒரு கன்னடக் கூலியாள், தான் சந்தைக்கு மோட்டாரில் போனதாகச் சாட்சி சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைக் கார் என்று ஆங்கிலப்படுத்தினார். கட்ட நல்ல வேட்டி இல்லாதவன் காரில் போனானா என்று எதிர்த்தரப்பு சிரித்தது. அந்தக் கூலியாளின் சாட்சியம் முழுவதும் பொய்யென்று தள்ளப்பட்டது. பதவியில் அமர்ந்த முதல் வாரத்திலேயே இதைக் கேள்விப்பட்டு, நான் எனக்கென ஒரு விதி செய்துகொண்டேன். சாட்சி தன் பேச்சினிடையே ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொன்னால், அதை மாற்ற மாட்டேன், திருத்த மாட்டேன், அவர் உச்சரித்தபடியே கொடுப்பேன். பொருள் வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் கேட்கட்டும்.

சாட்சியின் ஆங்கிலத்துக்கு விதி செய்துவிட்டேன். என் ஆங்கிலத்துக்கு விதி செய்யத்தான் கொஞ்சம் காலம் பிடித்தது. கல்லூரியில் எனக்கு வாய்த்த பேராசிரியர்களில் ஒருவர் 'ஈதர்' என்பார், மற்றவர் 'ஐதர்' என்பார். ஒருவர் 'ஆஃபன்', மற்றவர் 'ஆஃப்டன்'. இருவரும் மேதைகள். இருவரும் என் தேர்வுத்தாளைத் திருத்தியவர்கள். ஆகவே இரண்டும் என் நாவில் தங்கிவிட்டன. முதல் ஆண்டில் நான் காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றுமாகச் சொன்னது உண்டு. அதை வழக்கறிஞர்கள் கவனித்தார்கள். "காலையில ஈதரு, மத்தியானம் ஐதரு, சாயங்காலம் நம்ம துபாசி எதைத் தரப்போறாருன்னு பாக்கலாம்" என்று அவர்களில் ஒரு முதியவர் வராந்தாவில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். நான் வீட்டுக்குப் போய் அகராதியை எடுத்துப் பார்த்தேன். இரண்டையும் அது ஒப்புக்கொண்டது. அகராதி கைவிரித்துவிட்ட இடத்தில் மனிதன் தானே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உச்சரிப்பைத் தேர்ந்துகொண்டேன். அதன்பின் மாற்றவில்லை.

இங்கேதான் எனக்கும் அலுவலகத்துக்கும் ஒத்துப்போகாமல் போயிற்று.

அந்த நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெங்கும் நான் அதைக் கண்டதில்லை. புதிய மாஜிஸ்திரேட் பொறுப்பேற்கும் நாளில் தலைமை எழுத்தர் எந்தக் கோப்பையும் தொட மாட்டார். மேடைக்குக் கீழே தம் நாற்காலியில் கண்களை மூடி அமர்ந்திருப்பார். உறங்குகிறார் என்று வெளியூர் வழக்கறிஞர்கள் எண்ணுவார்கள். அவர் உறங்கவில்லை, புதியவரின் ஆங்கிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிற்பகல் இடைவேளையில், காப்பியை ஆற்றியபடியே எங்களுக்குத் தீர்ப்பு சொல்வார்.

"இந்த தொரைக்கு ஸ்கெட்யூல் கெடையாதுப்பா, ஷெட்யூல். ஆஃபன்னு சொல்லுங்க. நடுவுல 'ட' வந்துச்சுன்னா மூஞ்சி சுளிக்கிறாரு. ஜெயிலுக்கு 'ஜி, ஏ, ஓ, எல்'னு எழுதுனது போன தொரையோட போச்சு. இவுருக்கு 'ஜே' போடுங்க."

ஒரு வாரத்துக்குள் அலுவலகம் முழுவதும் வாய் மாறிவிடும். தட்டச்சர் மாறுவார். நகல் எழுதுபவர் மாறுவார். ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாத டவாலிச் சேவகர்கூட, கூட்டத்தை அடக்கக் கத்தும் அந்த ஒற்றை ஆங்கிலச் சொல்லைப் புதிய துரையின் ஓசையில் கத்துவார். அதற்குக் காரணமும் தலைமை எழுத்தர் வைத்திருந்தார். தன் காதுக்குப் பழகிய ஓசையில் பேசுபவனை எந்த அதிகாரியும் நம்புவான் என்பது அவர் கொள்கை. முப்பதாண்டுப் பணியில் அந்தக் கொள்கை அவரை ஒருமுறையும் கைவிட்டதில்லை என்பார். அவர் கெட்டவர் அல்லர். எனக்கு வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தவரே அவர்தான்.

நான் மாறவில்லை. மூன்று மாஜிஸ்திரேட்டுகள் வந்து போயினர், நான் மாறவில்லை.

"ஏம்ப்பா பி.ஏ., உனக்கு மட்டும் என்னா தனி சட்டம்?" என்று ஒருநாள் கேட்டார்.

"மாறுதல் உத்தரவு மாஜிஸ்திரேட்டுக்குத்தானே வந்தது, சார்? என் நாக்குக்கு வரலையே."

"நாக்குல எலும்பு இல்லாம ஆண்டவன் எதுக்கு வெச்சான்? வளையட்டும்னுதான்."

"முதுகுல எலும்பு வெச்சதும் அதே ஆண்டவன்தான்."

தட்டச்சர் சிரித்துவிட்டார். தலைமை எழுத்தர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என்னைப் பி.ஏ. என்று அழைக்கும்போதெல்லாம் அந்த இரண்டு எழுத்துகளையும் பிரித்துப் பிரித்து உச்சரித்தார்.

பிறகு, சீமையில் படித்துவிட்டு வந்த இளைஞர் ஒருவர் மாஜிஸ்திரேட்டாக வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகத் தெரியும். தெலுங்கும் கன்னடமும் ஒரு சொல்லும் தெரியாது. அவருடைய முதல் வழக்குகளுள் ஒன்று பர்கூர்ப் பக்கத்துக் கல்குவாரி வழக்கு.

குவாரியில் கல்லுடைக்கும் முனியப்பன் என்பவருக்கு வெடியில் வலக்கை போய்விட்டது. ஆட்களை விலகச் சொல்லாமல் மேஸ்திரி திரிக்குத் தீ வைத்தார் என்பது குற்றச்சாட்டு. மேஸ்திரிக்காகக் குவாரி ஒப்பந்தக்காரர் சேலத்திலிருந்து ஒரு வழக்கறிஞரை வரவழைத்திருந்தார்.

பாறைக்கு வைக்கும் வெடிமருந்துக் குச்சிக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. அதைக் கடைசியில் 'இ' என்ற எழுத்தைச் சேர்த்தும் எழுதலாம், சேர்க்காமலும் எழுதலாம். 'ஜெலட்டின்' என்று குறுக்கியும் சொல்லலாம், 'ஜெலட்டீன்' என்று நீட்டியும் சொல்லலாம். நான் குறுக்கிச் சொல்பவன். புதியவர் நீட்டிச் சொல்பவர். குவாரியில் வேலை செய்வோர் இரண்டையும் சொல்வதில்லை. தெலுங்கரானாலும், கன்னடியரானாலும், தமிழரானாலும் எங்கள் பக்கத்தில் அதற்குத் 'தோட்டா' என்றுதான் பெயர். முனியப்பனோடு வேலை செய்த தெலுங்குக்காரர்கள் அரசுத் தரப்பில் சாட்சி சொன்னபோது தோட்டா என்றே சொன்னார்கள். நான் அதை ஜெலட்டின் என்று ஆங்கிலத்தில் கொடுத்தேன்.

"ஜெலட்டீன்" என்றார் மாஜிஸ்திரேட், எழுதிக்கொண்டே.

அடுத்த சாட்சிக்கும் நான் ஜெலட்டின் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "மிஸ்டர் இன்டர்பிரட்டர், ஜெலட்டீன்."

"அகராதியில் இரண்டும் உண்டு, யுவர் ஆனர்."

மூன்றாம் முறை அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்த நீதிமன்றத்தில்?"

"இந்த நீதிமன்றத்துக்கும் அதே அகராதிதான், யுவர் ஆனர்."

வழக்கறிஞர்கள் தத்தம் காகிதங்களைப் பார்த்தார்கள். அன்று பிற்பகல் தலைமை எழுத்தர் காப்பி ஆற்றியபடி, "இனிமே ஜெலட்டீன். எழுதறப்ப கடைசீல 'இ' போடுங்க" என்று எல்லோருக்கும் அறிவித்தார். என் பக்கம் பார்க்கவில்லை. மறுநாள் முதல் அலுவலகம் முழுவதும் அந்தச் சொல் நீண்டு ஒலித்தது.

பிறகு எதிர்த்தரப்புச் சாட்சிகளின் முறை வந்தது. மூவரும் குவாரியில் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர்கள். பாறையில் துளை போடும் ஒரு தெலுங்கர், கல்வண்டி ஓட்டும் ஒரு கன்னடியர், வெடிமருந்துக் கொட்டகையைக் காவல் காக்கும் ஒரு தமிழர். முனியப்பனே கொட்டகையிலிருந்து குச்சியைத் திருடிப்போனார், ஏரியில் வெடிவைத்து மீன் பிடிக்கப் போய்க் கையை இழந்தார், மேஸ்திரிமீது தவறே இல்லை என்பதுதான் அவர்கள் சொல்லவேண்டிய கதை. எங்கள் பக்கத்து ஏரிகளில் அப்படி மீன் பிடித்தவர்கள் உண்டு. ஆகவே கதை நம்பும்படியாகவே இருந்தது.

முதலில் தெலுங்கர் ஏறினார். சேலத்து வழக்கறிஞர் கேட்டதற்கு, தடையின்றிப் பதில் சொன்னார். "தானே ஜெலட்டீன் எத்துகொனி போயினாடு சாமி. செருவுலோ சேப்பலு பட்டேதானிகி." அவனேதான் எடுத்துக்கொண்டு போனான், ஏரியில் மீன் பிடிக்க.

நான் வாய் திறக்கவில்லை. அறையில் இருந்தவர்களுக்கு அது ஒரு நொடியாகத் தோன்றியிருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாறையோடு வாழ்நாளைக் கழித்த மனிதர், தோட்டா என்று சொல்லவேண்டிய இடத்தில் ஜெலட்டீன் என்கிறார். அதுவும் மாஜிஸ்திரேட் நீட்டுவது போலவே நீட்டுகிறார். இதை எப்படிக் கொடுப்பது? வழக்கம்போல் ஜெலட்டின் என்று நான் சொன்னால் அது என் சொல்லாகிவிடும். சாட்சியின் வாயிலிருந்து வந்தது காற்றோடு போய்விடும். அவர் சொன்னபடியே நீட்டினால், இத்தனை நாள் மாறாத நான் துரையிடம் தோற்றுவிட்டதாக அறை முழுவதும் முடிவு கட்டும். என் விதி இருந்தது. சாட்சி சொன்ன ஆங்கிலச் சொல்லை மாற்ற எனக்கு உரிமை இல்லை. என் மானத்தைக் காப்பதற்காக மாற்றவும் உரிமை இல்லை.

நீட்டியே சொன்னேன்.

நான் எதிர்பார்த்தது நடந்தது. தட்டச்சர் கையால் வாயை மூடிக்கொண்டார். வழக்கறிஞர் வரிசையில் யாரோ செருமினார். மாஜிஸ்திரேட் புன்னகையோடு, "கடைசியில் வழிக்கு வந்துவிட்டீர்கள், மிஸ்டர் இன்டர்பிரட்டர்" என்றார்.

"இல்லை, யுவர் ஆனர். அது சாட்சியின் வாய்ச்சொல். சாட்சி உச்சரித்தபடியே கொடுத்தேன். என்னுடையது அல்ல."

புன்னகை போய்விட்டது. அவர் குனிந்து எழுதிக்கொண்டார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் அதுவரை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தவர், விசிறியைக் கீழே வைத்தார்.

அடுத்து வண்டிக்காரர். "அவனே ஜெலட்டீன் தகொண்டு ஹோத, புத்தி" என்று கன்னடத்தில் சொன்னார். அவனே எடுத்துக்கொண்டு போனான், எசமானே. அதே நீட்டல். அதையும் அப்படியே கொடுத்தேன். இம்முறை யாரும் செருமவில்லை.

மூன்றாமவரான காவல்காரர் தமிழர் என்பதால் எனக்கு வேலை இல்லை. அவரும் முதல் விசாரணையில் ஜெலட்டீன் என்றே சொன்னார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"எத்தன வருசமாய்யா காவல் பாக்குறே?"

"அது இருக்குமுங்க, எம் பெரியவன் பொறந்ததுலேருந்து."

"பாறைக்கு வெக்கிறதை உங்க குவாரியில என்னான்னு சொல்லுவீங்க?"

"தோட்டாங்க."

"எல்லாருமா?"

"எல்லாருந்தாங்க. கல்லு சொமக்கிற பொம்பளைங்க கூட தோட்டான்னுதாங்க சொல்லுவாங்க."

"அப்புறம் இங்க வந்து என்னமோ டீனுன்னியே. அது எப்ப வந்துச்சு உன் வாய்க்கு?"

காவல்காரர் சேலத்து வழக்கறிஞரைப் பார்த்தார். அங்கிருந்து உதவி வரவில்லை. "அப்புடித்தாங்க சொல்லோணும்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

"கோர்ட்டு ஐயாங்க. தோட்டான்னு சொன்னா பட்டிக்காட்டான் ஒளர்றான்னு தொரை நெனப்பாரு, அவுரு எப்புடிச் சொல்றாரோ அப்புடியே சொன்னாத்தான் நம்புவாருன்னாருங்க. எங்க மூணு பேரையும் ஒக்கார வெச்சு, வாயில வர்ற வரைக்கும் சொல்லச் சொன்னாருங்க. இந்த வண்டிக்காரனுக்குத்தான் வரவே மாட்டேன்னுருச்சு."

அறை அதிர்ந்தது. டவாலிச் சேவகர் கத்திய பின்னும் அடங்கவில்லை. "எந்தக் கோர்ட்டு ஐயா?" என்று கேள்வி வந்தபோது காவல்காரருக்குத் தாம் செய்துவிட்டது உறைத்தது. "பேரு தெரியாதுங்க" என்றவர் அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

சேலத்து வழக்கறிஞர் தேர்ந்தவர். கப்பல் ஓட்டையாவதைக் கண்டதும் ஓட்டையைச் சிறிதாக்கப் பார்த்தார். "யுவர் ஆனர், நடந்ததைச் சொல்ல யாரும் இவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. ஓர் ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பை மட்டும் யாரோ சொல்லித்தந்திருக்கிறார். தெலுங்கருக்கும் கன்னடியருக்கும் தமிழருக்கும் ஒருங்கே ஆங்கிலம் சொல்லித்தரக் கூடியவர் இந்த நீதிமன்றத்தில் ஒருவர்தான் இருக்கிறார். ஆர்வக்கோளாறில் செய்திருப்பார். அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை" என்று சொல்லி என்னைப் பார்த்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைமை எழுத்தர் தம் நாற்காலியில் இருந்தபடியே, பணிவான குரலில், "துபாசி வீட்டில் மாலைதோறும் ஆங்கிலப் பாடம் நடப்பது உண்மைதான், யுவர் ஆனர்" என்றார். உண்மைதான். பள்ளி மாணவர் சிலருக்கு நான் இலவசமாகப் பாடம் சொல்லி வந்தேன்.

பொய்ச் சாட்சிகளைத் தயாரித்த மொழிபெயர்ப்பாளன். இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் வேலை மட்டும் போகாது. எந்தச் சாட்சியின் எந்தச் சொல்லை நான் அதுவரை மொழிபெயர்த்திருந்தேனோ அத்தனையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். மாஜிஸ்திரேட்டின் முகம் சிவந்திருந்தது. நிறைந்த சபையில் தம் அலுவலகத்தாரை ஒருவர் கைகாட்டுவதை அவர் விரும்பவில்லை. பிற்பகலில் விசாரணை தொடரும் என்றும், என்னைத் தம் அறைக்கு வரும்படியும் சொல்லிவிட்டு எழுந்தார்.

வராந்தாவில் முனியப்பன் நின்றிருந்தார். கை போன இடத்தைத் துண்டால் சுற்றியிருந்தார். வழியை விடாமல் நின்று, "நீங்களா சாமி அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "செரிங்க" என்று விலகி வழிவிட்டார். அன்று அந்தக் கட்டடத்தில் என் ஒற்றைச் சொல்லை ஏற்றுக்கொண்டவர் அவர் ஒருவர்தான். என்னைச் சந்தேகிக்க மற்ற எவரையும்விட அதிகக் காரணம் உடையவரும் அவர்தான்.

மாஜிஸ்திரேட்டின் அறை வாசலுக்குச் சற்று முன்னால் தலைமை எழுத்தர் என்னை நிறுத்தினார். அன்று பி.ஏ. என்று அழைக்கவில்லை.

"தம்பி, நான் சொல்றதக் கேளு. ஐயா கேட்டா, ஆமா, வந்து கேட்டாங்க, உச்சரிப்பு மட்டுந்தான் சொல்லிக் குடுத்தேன், தப்புன்னு தெரியலேன்னு சொல்லிடு. ஒரு எச்சரிக்கையோட போயிரும். நான் பாத்துக்கறேன்."

"சொல்லாததைச் சொன்னேன்னு நான் எதுக்கு சார் சொல்லணும்?"

"கல்யாணமாயி கொழந்த இருக்குது உனக்கு. வீம்பு பேசற நேரமா இது?"

"வீம்பு எங்கிட்ட எப்பவும் இருக்கறதுதானே, சார். இன்னிக்கு மட்டும் ஏன் விடச் சொல்றீங்க?"

அவர் நெற்றி வியர்த்திருந்தது. குவாரி ஒப்பந்தக்காரர் அவருடைய மனைவியின் உடன்பிறந்தவர் என்பது ஊருக்கே தெரியும். அதை நான் அதுவரை இந்த வழக்கோடு சேர்த்துப் பார்த்ததில்லை. அப்போது பார்த்தேன். அதிகாரியின் உச்சரிப்பில் பேசினால் அதிகாரி நம்புவார் என்ற தம் வாழ்நாள் கொள்கையை அவர் கல்லுடைப்பவர்களிடமும் பரீட்சித்திருக்கிறார். அவர்களைத் தோட்டா என்றே சொல்ல விட்டிருந்தால், அந்தக் கதை ஒருவேளை நின்றிருக்கும். கல்லையும் வண்டியையும் அறிந்த வாய்க்குச் சீமை ஓசையைப் பூட்டினால் பொய்க்குப் பலம் கூடும் என்று எண்ணுவதற்கு, எங்களைப் போன்ற அலுவலகத்தில் முப்பதாண்டு இருந்திருக்க வேண்டும்.

உள்ளே போனேன். மாஜிஸ்திரேட் உட்காரச் சொல்லவில்லை.

"அந்தச் சாட்சிகளுக்குச் சொல்லித்தந்தவர் நீங்களா?"

"இல்லை, யுவர் ஆனர்."

"அதை நான் எப்படி நம்புவது? யாரையாவது சாட்சிக்கு அழைக்க முடியுமா?"

"முடியும். தங்களையே அழைக்கிறேன்."

அவர் நிமிர்ந்தார்.

"திறந்த நீதிமன்றத்தில் தாங்கள் என்னை மூன்று முறை திருத்தினீர்கள். நான் மாறவில்லை. என் வீட்டில் பாடம் கேட்கும் மாணவர் எவரையும் வரவழைத்து அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள். நான் சொல்வது போலத்தான் சொல்வார். நான் கற்பித்திருந்தால் அந்த மூன்று சாட்சிகளும் குறுக்கித்தான் சொல்லியிருப்பார்கள். தங்கள் ஆணைக்கே மாறாத என் நாக்கு, ஓர் ஒப்பந்தக்காரருக்காகவா மாறியிருக்கும்?"

அவர் பேனாவை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார். உத்தியோகத்தை உதறத் துணிந்தவன் பேச்சு இது என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். அப்படியில்லை. எனக்கு அந்த உத்தியோகம் தேவைப்பட்டது. பிச்சையாகத்தான் தேவைப்படவில்லை.

"அப்படியானால், இந்த அலுவலகத்தில் அதை நீட்டிச் சொல்பவர் யார்?"

"எல்லோரும், யுவர் ஆனர். தாங்கள் வந்த பிறகு. என்னைத் தவிர."

அவருக்கு அது புதிய செய்தி. தம்மைச் சுற்றியிருந்தவர்களின் ஆங்கிலம் தாம் வந்ததும் மாறியது அவருக்குத் தெரியாது. அவர்கள் எப்போதும் அப்படித்தான் பேசினார்கள் என்று நினைத்திருந்தார். அதிகாரிகள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

"யார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?"

"நான் நினைப்பது சாட்சியம் ஆகாது, யுவர் ஆனர். சாட்சி கூண்டில்தான் இருக்கிறார். அவரிடம் கேட்கலாம். தமிழர், ஆகவே என் உதவியும் தேவைப்படாது."

பிற்பகலில் நீதிமன்றம் கூடியது. சாட்சிகளுக்குச் சொல்லித்தந்தவர் இந்த அறையில் இருக்கிறாரா என்று காவல்காரரிடம் மாஜிஸ்திரேட்டே கேட்டார். காவல்காரர் என்னைப் பார்த்தார், தலையசைத்து மறுத்தார். தட்டச்சரைப் பார்த்தார், மறுத்தார். பிறகு மேடைக்குக் கீழே கையை நீட்டினார்.

"இப்ப இல்லீங்க. காலையில அந்த நாற்காலியில ஒக்காந்திருந்தாருங்க."

நாற்காலி காலியாக இருந்தது. தலைமை எழுத்தர் வயிற்றுவலி என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் அந்த நாற்காலிக்குத் திரும்பவே இல்லை. துறை விசாரணை நடந்தது. அதன் முடிவு என் பொருளல்ல. மூன்று சாட்சிகளின் கதையும் தள்ளப்பட்டது, மேஸ்திரி தண்டிக்கப்பட்டார், முனியப்பன் வெடிக்குச்சி திருடி மீன் பிடிக்கப் போனவர் என்ற பழி நீங்கியது.

தீர்ப்பு நாளன்று மாஜிஸ்திரேட் என்னிடம், "இருந்தாலும் ஜெலட்டீன் என்பதே மேல்" என்றார்.

"தங்களுக்கு, யுவர் ஆனர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவர் மாற்றலாகும் வரை அவர் நீட்டினார், நான் குறுக்கினேன், வேலை நடந்தது.

இளையவர்களே, உங்கள் காலம் வேறு. ஓசூரில் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. பெங்களூர்ப் பொறியாளர் ஒருவகை ஆங்கிலம் பேசுகிறார், மதுரையிலிருந்து வந்த மேற்பார்வையாளர் வேறுவகை பேசுகிறார், தொழிலாளி இரண்டையும் தன் வாய்க்கேற்ப வளைத்துக்கொள்கிறார். உங்கள் முன் கூண்டில் ஏறுபவர் எவரும் இன்று ஆங்கிலச் சொல் இல்லாமல் பேச மாட்டார். எந்த உச்சரிப்பு சரி என்று என்னிடம் கேட்கிறீர்கள். அகராதி ஒப்புக்கொள்வது எதுவும் சரி. ஆனால் ஒன்றைப் பிடித்தால் அதிலேயே நில்லுங்கள், எவர் வந்தாலும், எவர் முகம் சுளித்தாலும். உங்கள் ஓசை நிலையாக இருந்தால்தான், வேறொருவர் ஓசை உங்கள் வழியாக வரும்போது அது அவருடையது என்று கேட்பவருக்குத் தெரியும். நானும் அலுவலகத்தோடு சேர்ந்து வாய் மாறியிருந்தால் அன்று மூன்று சாட்சிகளின் ஜெலட்டீனும் என் ஜெலட்டீனாகவே போயிருக்கும். காவல்காரரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். என்னைப் பிடிவாதக்காரன் என்றார்கள். சொல்லட்டும். அந்தப் பட்டத்தை நான் என் பி.ஏ.வுக்கு அடுத்தபடியாக வைத்திருக்கிறேன்.

கடைசியாக, கிருஷ்ணகிரி வழக்கறிஞர்களிடையே இன்றும் உலவுவதாக நான் கேள்விப்படும் பேச்சுகளைப் பற்றி. அரசுத் தரப்பு வழக்கறிஞரோடு நான் முன்கூட்டியே பேசிவைத்து அந்தக் கேள்வியைக் கேட்கச் செய்தேன் என்கிறார்கள். வணக்கம் சொன்னதற்கு மேல் அவரோடு நான் பேசியதில்லை. தலைமை எழுத்தரைக் காட்டிக்கொடுத்தேன் என்கிறார்கள். அவர் பெயரை நான் மாஜிஸ்திரேட்டிடமோ, துறை விசாரணையிலோ, வேறெங்குமோ சொல்லவில்லை. அன்று நான் துரைக்குப் பணிந்து ஜெலட்டீன் என்று சொன்னேன் என்றும் சிலர் சொல்கிறார்கள். நான் சொல்லவில்லை. சொன்னவர் தெலுங்குச் சாட்சி.